அட்டையில் இருந்த அப்பா பெயர்

1. டோக்கன் பதினேழு

டோக்கன் பதினேழு என்று மூன்று தரம் கூப்பிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. மாடிப்படியை எட்டிப் பார்த்தேன். கீழே மழை, குடைகள்தான் போய்க்கொண்டிருந்தன.

ரங்கூன் லான்மடாவில் ஒரு மாடிக் கிளினிக்கில் இருபத்தாறு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். நர்ஸ் படிப்பு பாதி, மீதி அனுபவம். வீட்டில் என் பெயர் மீனாட்சி, அடையாள அட்டையிலும் கவுண்டரிலும் தின் தின் என்ற பர்மியப் பெயர். ரங்கூன் தமிழர் பலருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. நம் பெண்கள் பலர் இப்போது கிளினிக் கவுண்டர்களில் வேலைக்குப் போகிறார்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் படியுங்கள். தெரியாதவர்களுக்கு அம்மாமார் படித்துச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரும் டோக்கன் மெஷினும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அதையெல்லாம் விட்டுவிட்டு, நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன்.

ஆட்கள், நாள், வேலை எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். யாரென்று தேடாதீர்கள். தேடினால் கிடைக்காது.

அது ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்துப் பூசி, இடுப்பில் லோஞ்சி கட்டி, பார்க்கப் பர்மியப் பெண்ணாகவே இருந்தாள். கவுண்டர் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, பர்மியத்தில் மெல்லக் கேட்டாள்.

"சயாமாவ மட்டும் பாக்கணும். ஆம்பள டாக்டர் வேணாம். மூணு நாளைக்குள்ள போட்டுக்கிற மருந்து ஒண்ணு இருக்காமே, அது இங்க கெடைக்குமா?"

சயாமா என்றால் எங்கள் பெண் டாக்டர், டோ மியா. நான் அந்தப் பெண்ணின் கேள்வியைக் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. என் கண் அவள் நீட்டிய அட்டையில் இருந்தது. பெயர் மா ஸண்டா. அப்பா பெயர் என்ற இடத்தில் சுத்தமான தமிழ்ப் பெயர்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதோடு, நம் ஆளைக் கண்டால் ஒரு சந்தோஷம். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தமிழில் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"அட, நம்ம பொண்ணா நீ! தெரியவே இல்லியே! அப்பா எந்தக் கோயிலுக்கு வருவாரு? வீடு எந்தப் பக்கம்?"

இதை நீங்கள் எல்லாரும் ஆயிரம் தரம் கேட்டிருப்பீர்கள், கேட்கப்பட்டும் இருப்பீர்கள். ரங்கூனில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரைப் பார்த்தால் வணக்கத்துக்கு முன்னால் வருகிற கேள்வி இது. அன்பாகத்தான் கேட்டேன். ஆனால் அவளுடைய முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ரத்தம் வடிந்து போனது.

பெஞ்சில் பிரஷர் பார்க்க வந்திருந்த வள்ளியம்மை அக்கா கழுத்தைத் திருப்பினார். எங்கள் கோயில் மாதர் குழுவில் அவருக்குத் தெரியாமல் ஒரு கொழுக்கட்டை வேகாது.

"யாரு பொண்ணு, மீனாட்சி?"

அந்தப் பெண் தமிழ் தெரியாதவள் மாதிரி நின்றாள். பிறகு பர்மியத்தில், "ஒண்ணுமில்ல. வயித்து வலிதான்" என்றாள். நானும் சீட்டில் வயிற்று வலி என்று எழுதி, டோக்கனைக் கொடுத்தேன். அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வள்ளியம்மை அக்கா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அடுத்த தரம் நான் நிமிர்ந்தபோது அவள் இல்லை.

2. எப்போது நடந்தது?

"பதினேழு எங்க?" என்று டோ மியா அறையிலிருந்து கேட்டார். உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். மூணு நாள் மருந்து என்று அவள் கேட்டதைச் சொன்னபோதுதான் என் மண்டைக்கே அது உறைத்தது. சயாமா பேனாவைக் கீழே வைத்தார். அவர் பர்மியத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"எப்ப நடந்ததுன்னு கேட்டியா?"

"கேக்கல சயாமா. அவ அப்பா யாருன்னுதான் கேட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. விரலை மடக்கி எனக்கு விளக்கினார். பலாத்காரத்துக்கு ஆளானவளுக்குக் கர்ப்பம் தடுக்கவும், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கவும் மருந்து உண்டு. எச்.ஐ.வி. மருந்தை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்துப் பயன் இல்லை. முந்தினால் முந்தின அளவுக்கு நல்லது. இவளுக்கு நடந்தது நேற்றா, முந்தாநாளா? எங்களுக்குக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்றே தெரியாது.

டோ மியா உடனே ஒரு தோழிக்குப் போன் செய்தார். அந்தி சாயும் முன் இருபத்தெட்டு நாள் மருந்து ஒரு பழுப்பு உறையில் வந்து அவருடைய மேஜை டிராயரில் உட்கார்ந்தது. மருந்து வந்துவிட்டது, ஆள் இல்லை.

கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் ஊ தெய்ன், டோ மியாவின் அண்ணன். கெட்டவர் இல்லை, பயந்தவர். விஷயம் அவர் காதுக்கும் போனது.

"போலீஸ் சீட்டு கொண்டுவந்தா பாரு. இல்லாட்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. நாளைக்கு யாராவது வந்து ரெக்கார்ட் எங்கன்னு கேட்டா, நான் என்ன பதில் சொல்றது?"

"மருந்துக்கு எதுக்கு அண்ணா சீட்டு? அவ வந்தா நான் பாப்பேன்" என்றார் டோ மியா.

"வந்தாத்தானே" என்றார் ஊ தெய்ன்.

அதுதான் எனக்கும் பயம். சீட்டில் ஒரு போன் நம்பர் இருந்தது. கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கிளினிக்கிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் என்ன ஏது என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் அவளுக்கு எப்படிப் புரியும்? கடைசியில் என் சொந்தப் போனிலிருந்து அடித்தேன். எடுத்தது அவள் அம்மா.

"பொண்ணு வேலைக்குப் போயிருக்கு. போன சார்ஜுக்குப் போட்டுட்டு மறந்துட்டுப் போயிடுச்சு. நீங்க யாருங்க?"

"நான் தையக்காரிங்க. உங்க பொண்ணு ஜாக்கெட்டு தைக்கக் குடுத்திருந்தாங்க."

"ஜாக்கெட்டா? எங்கிட்டச் சொல்லவே இல்லியே. எந்தக் கடைங்க? அவங்கப்பா அந்தப் பக்கமா வருவாரு, வாங்கிட்டு வரச் சொல்றேன்."

ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க எத்தனை பொய்! "அளவு பாக்கணுங்க, அவங்களேதான் வரணும். மூணு நாளைக்குள்ள வேணும்னு கேட்டிருந்தாங்க, ரெடியா இருக்குன்னு சொல்லுங்க. கடையில ஆம்பளைங்க யாரும் இல்ல, சயாமா மட்டுந்தான் இருப்பாங்கன்னும் சொல்லிடுங்க."

அவள் காலையில் என்னிடம் சொன்ன வார்த்தைகளையே திருப்பிச் சொன்னேன். புரிந்துகொள்வாள் என்று ஒரு நம்பிக்கை. அம்மா, "சரிங்க, சொல்றேன்" என்று சந்தேகத்தோடு போனை வைத்தார்.

அன்றைக்கு அவள் வரவில்லை. கிளினிக் மூடும் நேரத்தில் வள்ளியம்மை அக்காவின் போன்தான் வந்தது.

"அந்தப் பொண்ணு முகம் எங்கியோ பாத்த முகம் மீனாட்சி. கல்யாணம் ஆகலபோல. தனியா எதுக்குப் பொம்பள டாக்டரத் தேடி வருது?"

"வேலைக்கு மெடிக்கல் செக்கப்பு, அக்கா. தெனம் பத்துப் பேரு வர்றாங்க" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். மூடியைத் திறந்துவிட்டவளே நான்தான்.

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒன்றை நினைத்து வெட்கப்பட்டேன். இப்படி ஏதாவது சேதி காதில் விழும்போதெல்லாம், "நடந்தவுடனே கத்தியிருக்கலாமே, சொல்லியிருக்கலாமே" என்று பேசியவள் நான். கோயில் மண்டபத்தில் நாலு பேர் கேட்கவே பேசியிருக்கிறேன். இவள் சொல்லத்தானே வந்தாள். மாடிப்படி ஏறி, கண்ணாடிவரை வந்து, பாதி சொல்லியும்விட்டாள்.

3. செவ்வாய்க்கிழமை, நாலு பத்து

மறுநாள் காலை முழுக்க மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரின் சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போனது. டோ மியா ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் என்னை நிமிர்ந்து பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். நேராக அவள் வீட்டுக்கே போகலாமா என்றுகூட யோசித்தேன். விலாசம் சீட்டில் இருந்தது, மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம். ஆனால் அந்தச் சந்தில் ஒரு புது ஆள் நுழைந்தால் பத்து வீட்டு வாசலில் தலை தெரியும். என் காலைக் கட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலு பத்துக்கு அவள் வந்தாள். மூச்சு வாங்கியது. ஹாலில் அப்போது ஒரு பர்மியக் கிழவர் மட்டும்தான். அவள் நேராக என்னிடம் வந்து தமிழில் சீறினாள்.

"எங்கம்மாகிட்ட எதுக்குப் போன் பண்ணீங்க? ராத்திரி பூரா எந்த ஜாக்கெட்டு, எந்தத் துணின்னு கேட்டாங்க. நான் எங்க போவேன் ஜாக்கெட்டுக்கு?"

"தப்புத்தாம்மா. உள்ள வா" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. சூடு பட்ட பூனையாகியிருந்தேன்.

டோ மியா கேட்ட முதல் கேள்வி, "எப்ப?"

"சனிக்கிழமை. சாயந்திரம் ஆறுக்கு மேல. ஆபீஸ்ல."

சயாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பாக்கி. வேறு எதுவும் பேசாமல் டிராயரைத் திறந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் மாத்திரைகளை விழுங்கிய பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. பிறகு அவளைக் கேட்டுக் கேட்டு, அவள் சரி என்ற அளவுக்கு மட்டும் பரிசோதனை செய்தார். அவள் விருப்பப்படி நான் பக்கத்தில் நின்றேன்.

எல்லாம் முடிந்து அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது கேட்டேன், "நேத்தும் இன்னிக்கும் அதே ஆபீசுக்கா போன?"

"போகாட்டி ஏன் போகலன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்வேன்?"

வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. "போலீஸ்ல சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டேன். டோ மியாவுக்குத் தமிழ் புரியாது. ஆனால் போலீஸ் என்ற வார்த்தை புரிந்து என்னை முறைத்தார்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. களைப்பாகச் சொன்னாள். இடையிடையே தமிழ் வராமல் பர்மியத்துக்கு மாறினாள்.

"மொதல்ல வார்டு ஆபீசுக்குப் போகணும்பாங்க. அங்க எங்கப்பா கூட டீ குடிக்கிறவங்க இருப்பாங்க. அப்புறம் ஸ்டேஷன். வாசல்ல மணல் மூட்டை அடுக்கி வச்சிருக்காங்க, நாம எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கமா நடக்கிறோம். அதுக்குள்ள நான் மட்டும் போகணும். போனா அட்டையக் கேப்பாங்க. பேரு, அப்பா பேரு, என்ன ஜாதி சனம், என்ன மதம். நீங்க நல்லவங்க, நீங்களே அட்டையப் பாத்ததும் எங்கப்பா யாருன்னுதானே கேட்டீங்க? அவங்க கேக்க மாட்டாங்களா?"

நான் காலித் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அந்த ஆபீஸ் ஆளு பெரிய மனுஷன். நம்ம ஆளுதான். அட்டைக்கு நடையா நடந்து வாங்கிக் குடுக்கிறவரு. எந்தங்கச்சிக்கு அட்டை வரணும், அதுக்கப்புறந்தான் பாஸ்போர்ட்டு, மலேசியா வேலை. எங்க தாத்தா பேப்பர் வரைக்கும் அவர்கிட்டத்தான் இருக்கு. எங்கம்மா அவருக்குச் சோறு போடுவாங்க. அண்ணே அண்ணேம்பாங்க."

பிறகு மெல்ல, "நான் கத்தல" என்றாள். "சிரிச்சேன். மொதல்ல கையப் புடிச்சப்ப என்ன பண்றதுன்னு தெரியாம சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் ஒடம்பு அசையவே இல்ல. அந்தாளு அதச் சொல்லுவாரு, அவதான் சிரிச்சாளேன்னு. நெஜந்தானே? நான் சிரிச்சது நெஜம். யாரு நம்புவாங்க?"

நான் இதைப் பர்மியத்தில் டோ மியாவுக்குச் சொன்னேன். சயாமா அவளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பயந்தா ஒடம்பு அப்படித்தான் செய்யும். சிலபேர் ஓடுவாங்க, சிலபேர் கத்துவாங்க, சிலபேருக்குக் கல்லா போயிடும். சிரிப்பு வர்றவங்களையும் பாத்திருக்கேன். அதுக்கு நீ சம்மதிச்சேன்னு அர்த்தம் இல்ல. நான் நம்புறேன்."

அப்போதுதான் அவள் அழுதாள்.

டோ மியா தான் பார்த்ததை எல்லாம் ஒரு தாளில் தேதி போட்டு எழுதி, உறையில் போட்டு ஒட்டினார். "இது என் அலமாரியில இருக்கும். நீ கேட்டா மட்டும் வெளிய வரும். சொல்றதும் சொல்லாததும் உன் முடிவு. இன்னிக்கே முடிவு பண்ண வேண்டியதில்ல" என்றார். ஊ தெய்ன் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். தங்கை பார்த்த பார்வையில் கீழே டீக்கடைக்குப் போய்விட்டார்.

ஜாக்கெட்டுப் பிரச்சினை பாக்கி இருந்தது. கீழே துணிக்கடையில் ஒரு ரெடிமேட் ஜாக்கெட் வாங்கி, அக்குளில் தையலைப் பிரித்துவிட்டுக் கொடுத்தேன். "தையக்காரி கெடுத்துட்டா, திருத்தக் குடுக்கணும்னு அம்மாகிட்டச் சொல்லு. மறுபடி வர ஒரு சாக்கு ஆச்சு" என்றேன். அவள் முதல்முறையாக என்னைக் கோபம் இல்லாமல் பார்த்தாள்.

4. தெரியாதவர்கள்

இருபத்தெட்டு நாளும் மாத்திரை போட்டாள். சத்து மாத்திரை டப்பாவில் மாற்றிக் கொடுத்தோம். குமட்டல் தாங்காமல், மாத்திரையை விட்டுவிடுகிறேன் என்று ஒரு நாள் வந்தாள். டோ மியா பேசி அனுப்பினார். பரிசோதனைக்கு வந்த ஒவ்வொரு தரமும் என்னிடம் பர்மியத்திலேயே பேசினாள், நானும் பர்மியத்திலேயே பதில் சொன்னேன். அப்பா பெயர் இருந்த பக்கத்தை யாரும் பார்க்காதபடி அட்டையைக் கவிழ்த்து வாங்கி, கவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அதையே எல்லாருக்கும் வழக்கமாக்கினேன். என்ன நோவு என்று வாயால் கேட்பதை நிறுத்தி, துண்டுச் சீட்டு வைத்தேன். எழுதத் தெரியாதவர்களை உள்ளே கூட்டிப் போய்க் கேட்டேன்.

மூன்றாம் மாதக் கடைசிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதைக் கேட்டு அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தங்கையின் அட்டை கைக்கு வந்த மறுவாரம் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். உறை இன்னும் அலமாரியில் இருக்கட்டும் என்றாள்.

போகும்போது என்னிடம், "உங்க கவுண்டர் பொண்ணுங்களுக்கு இதச் சொல்லுங்க. நான்னு மட்டும் தெரியக் கூடாது" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஆள் பெயரை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம்மில் அட்டைக்கு நடந்து வாங்கிக் கொடுக்கிற பெரிய மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். விழாவில் மேடையேறுகிறார்கள், மாலை வாங்குகிறார்கள். எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் இவர்தானோ என்று பார்க்கிறேன். ஒருவரைத் தவிர மற்றவர்கள் நல்லவர்களாக இருக்கலாம். அந்த ஒருவர் யாரென்று தேடினால் அவளிடம் போய்த்தான் முடியும், எனவே தேடுவதில்லை.

பிறகு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். எந்த மண்டபம், எந்த வருஷம் என்று சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை வீட்டார் எனக்குத் தெரிந்தவர்கள். வாசலில் பெண் வீட்டு அம்மா ஒருவர் கை கூப்பி வரவேற்றார். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவள் அவள்தான். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. என்னைக் கண்டதும் நீட்டிய கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அந்த அம்மா, அவளுடைய அம்மாவோ பெரியம்மாவோ, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார்.

"இவங்கள முன்னாடியே தெரியுமா உனக்கு?"

அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது. இந்த மண்டபத்தில் இருக்கும் முந்நூறு பேரில் அவள் பயப்பட வேண்டிய இரண்டு பேர் இருக்கலாம். ஒன்று அந்த ஆள். இன்னொன்று நான். உதவி செய்தவளாகவே இருந்தாலும், தெரிந்தவள் தெரிந்தவள்தான். ஒரு நலம் விசாரிப்பு, முதுகில் ஒரு தட்டு, "எப்படிம்மா இருக்க" என்று ஒரு வார்த்தை போதும், அவள் மாதக்கணக்கில் காத்ததெல்லாம் போக. அவள் நன்றாகத் தூங்குகிறாளா என்று கேட்க எனக்கு எவ்வளவோ ஆசை.

"தெரியாதும்மா" என்றாள் அவள்.

"இப்பத்தான் மொதத் தடவ பாக்கறேன்" என்றேன் நான்.

யார் பெண், எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று எதுவும் கேட்கவில்லை. சந்தனத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு, பந்தி நடக்கிற பக்கமாக நடந்தேன். இருபத்தாறு வருஷ வேலையில் நான் கற்றுக்கொண்டது அதுதான்.